பையைத் திறக்கச் சொன்னவள்

புஷ்பம் இன்றைக்கு ஊருக்குப் போகிறாள் என்று அர்த்தநாரிதான் சொன்னார், கத்தரிக்காய்க் கூடையைத் தராசில் வைத்துக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. "மரியபுஷ்பம் அம்மா பகல் வண்டிக்குக் கிளம்புறாங்களாம். நாகர்கோயிலுக்கு. பொண்ணு வந்து கூட்டிக்கிட்டுப் போகுது. வீட்டையும் காலி பண்ணியாச்சு." வேதநாயகி தராசின் சிவப்பு எண்களைப் பார்த்தாள், கத்தரிக்கு நேரே எழுதினாள், எழுதியதை ஒருமுறை பென்சில் முனையால் தொட்டுச் சரிபார்த்தாள், பிறகுதான் அந்தச் செய்தி காதுக்குள் போயிற்று. பகல் வண்டி என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. ஜங்ஷன் என்ன பெரிய தூரமா, ஜவ்வரிசி செய்துவந்து மூடிப்போன இந்தச் சேகோ ஆலையின் கேட்டைத் தாண்டினால் ஆட்டோ நிற்கும், ஏறி உட்கார்ந்தால் போய்விடலாம். போகலாம்தான். ஆனால் சனிக்கிழமை எடை நாள். ஆலை நிலத்துத் தோட்டத்தில் பாத்தி வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கூடையும் கையுமாக வந்துகொண்டிருக்கிறார்கள், பறித்ததையெல்லாம் எடை போட்டுக் குறித்தால்தான் பாதி அவர்களுக்கும் பாதி பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளிகளின் ஆட்களுக்குச் சோறு போடுகிற அடுப்படிக்கும் பிரியும். எடைக்கு முன்னால் யாரும் ஒரு இணுக்குக்கூட எடுக்கக் கூடாது. அந்த விதியைப் போட்டதே வேதநாயகிதான். போர்வெல்லுக்கு மோட்டார் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்கிறார்கள், யாராவது எழுத முடியுமா என்று அறக்கட்டளையை நடத்துகிற மதிவதனி கேட்டபோது, சம்பளமில்லாத அந்த வேலைக்குக் கையைத் தூக்கியது அவள் ஒருத்திதான். தூக்கியபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நுகர்பொருள் கிடங்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவளிடம் எதையும் எழுதச் சொன்னதில்லை.

அர்த்தநாரியை எழுதச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்துக் கிறுக்கல், ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். மதிவதனி எழுதலாம், அவள் எப்போதும் போனில் இருக்கிறாள், இப்போதும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நடந்துகொண்டே யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். பேச்சு முடியட்டும், சொல்லிவிட்டுக் கிளம்பலாம். போய் என்ன சொல்வது? பிளாட்பாரத்தில், பெண் பக்கத்தில் நிற்கும்போது, சாமான்களுக்கு நடுவில். புஷ்பம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டால்? பார்த்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டால் அது இன்னும் மோசம். அவள் சிரிக்கக்கூடியவள். வாங்கக்கா, எதுக்கு இவ்வளவு தூரம் என்று கேட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கையில் கொடுக்கக்கூடியவள். "அம்மா, அடுத்தது பீர்க்கங்காய்" என்றார் அர்த்தநாரி. பீர்க்கங்காய். எழுதினாள். மண் ஒட்டியிருந்த காய்களின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது, அதற்கு அடியில் இந்த இடத்துக்கென்றே உள்ள இன்னொரு வாசனை, மரவள்ளிக்கிழங்கு புளித்த பழைய நெடி, ஆலை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் மண்ணை விட்டுப் போகாதது. புஷ்பம் கடைசியாக இங்கே வந்த அன்றைக்கும் இதே நெடிதான். அன்றைக்கும் சனிக்கிழமைதான். புஷ்பம் கூடையை எடைக்கு வைத்துவிட்டு, அவசரமாக, எழுதி முடிக்கும்வரை நிற்காமல், தோளில் துணிப்பையை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். பையின் வாயில் கொஞ்சம் கீரை நீட்டிக்கொண்டிருந்தது. வேதநாயகி கூப்பிட்டாள். அப்போது என்ன சொன்னாள், அதுதான் இத்தனை மாதமாகத் தெரியவில்லை. பையைத் திற என்று சொன்னாளா, திறங்க என்றாளா, திறம்மா என்றாளா. திறம்மா என்று சொல்லியிருந்தால் அதில் ஒரு வாஞ்சை இருந்திருக்கும், பாதி விளையாட்டாகவாவது கேட்டிருக்கும். திறங்க என்றால் மரியாதை. அவள் காதில் திரும்பத் திரும்பக் கேட்பது வெறும் திற. பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்கிறது. அத்தனை பேர் வரிசையில் நிற்க, திற.

புஷ்பம் திரும்பி வந்தாள். "கொஞ்சம் மணத்தக்காளிக் கீரைதான்க்கா, அடுத்த வாரம் எழுதிக்கிடுங்க" என்றாள் மெதுவாக. அந்த மெதுவான குரலே போதுமாக இருந்திருக்க வேண்டும். வேதநாயகிக்கு அந்தக் குரலில் ஒளிப்பு மட்டுமே கேட்டது. கிடங்கில் முப்பது வருஷம் கேட்ட குரல் அது, லாரிக்காரன் மூட்டை குறைந்தபோது பேசுகிற குரல், சாக்கு நனைஞ்சிருச்சும்மா, எலி கடிச்சிருச்சும்மா. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொன்னாள், இது நன்றாக ஞாபகம் இருக்கிறது, இதில் சந்தேகமே இல்லை. புஷ்பம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையை மேசைமேல் வைத்துக் கீரைக்கட்டை வெளியே எடுத்தாள். எடுத்த வேகத்தில் பை சரிந்தது, உள்ளே இருந்த பெரிய பொட்டலம் மேசையில் விழுந்தது. பெரிய ஆட்களுக்குக் கட்டுகிற டயப்பர். அட்டையில் நரைத்த தலையோடு ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருக்கிற படம். புஷ்பத்தின் வீட்டுக்காரர் செல்லத்துரை, உருக்காலை கேண்டீனில் வேலை பார்த்தவர், அவருக்கு மேலுக்குச் சுகமில்லை என்று மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். கை கால் விழுந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று அவள் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை, வேதநாயகியிடம்கூட. அந்த இடத்திலாவது நின்றிருக்கலாம். பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டு, போ புஷ்பம், நேரமாகிறது என்று சொல்லியிருக்கலாம். கை அப்படிப் போகவில்லை. கை கீரைக்கட்டை எடுத்துத் தராசில் வைத்தது. எண்கள் நிற்கும்வரை காத்திருந்தது. எழுதியது. பொட்டலம் பக்கத்திலேயே கிடந்தது, அட்டைப்படத்து ஆள் சிரித்துக்கொண்டே இருந்தான். எழுதி முடித்ததும் கட்டைத் திருப்பிக் கொடுத்தபோது புஷ்பம் வாங்கவில்லை. பொட்டலத்தை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கீரை மேசையிலேயே வதங்கியது. பொழுது சாயும்போது யாரோ எடுத்து உரக்குழியில் போட்டார்கள்.

கிடங்கு கேட்டில் வாட்ச்மேன் ஒருவன் இருந்தான், பெயர்கூட மறந்துவிட்டது, பான்பராக்கு வாய் மட்டும் ஞாபகம் இருக்கிறது. தினமும் வீட்டுக்குப் போகும்போது அவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்வான். ஒரு பிடி அரிசி இருக்கிறதா என்று பார்க்க. மற்ற எழுத்தர்களுக்கு அந்தச் சோதனை கிடையாது, அவளுக்கு மட்டும், புதிதாக வந்த பெண் என்பதால். மூடியைத் திறந்து, மோர்ச்சோற்றின் மிச்சம் ஒட்டியிருக்கும் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கையில், பின்னால் லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பது முதுகில் தெரியும். ஒருநாள் பைக்குள் மாதவிலக்குத் துணி இருந்தது, அதையும் பார்த்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள், விடவில்லை. அப்புறம் பழகிவிட்டது. அப்படி நின்றவளுக்குத் தெரியாதா. தெரிந்தவள் செய்தது எப்படி? இந்தக் கேள்வியில் வந்துதான் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொள்கிறது. தெரியாதவள் செய்திருந்தால் சொல்லித் திருத்தலாம். "வெண்டை, வேதாம்மா." வெண்டை. பிஞ்சாக இருந்தது. புஷ்பம்தான் அவளுக்குப் பச்சை வெண்டையைத் தின்னப் பழக்கினாள், செடியிலிருந்து ஒடித்து முந்தானையில் துடைத்து, "கடிச்சுப் பாருங்கக்கா, கொழகொழன்னு இருக்காது" என்று. இருந்தது. ஆனாலும் தின்றாள். எடை போடாமல்தான் தின்றாள். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் இந்த மேசையில் உட்கார்ந்து, அவள் கூட்டல் போட, புஷ்பம் அட்டையால் இருவருக்குமாக விசிறிக்கொண்டே தன் ஊர்க் கதையைச் சொல்வாள், குளத்தையும் தாமரையையும் பற்றி, மீன்காரியோடு போட்ட சண்டையைப் பற்றி. கூட்டல் தப்பிப்போகும். மறுபடி முதலிலிருந்து போடுவாள். தனியாக ஒரு மாடிப்போர்ஷனில் இருக்கிறவளுக்கு, தப்பிப்போன அந்தக் கூட்டல்கள் எவ்வளவு பெரிய விஷயம் என்று புஷ்பத்துக்குத் தெரிந்திருக்குமா. சொன்னதில்லை. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அந்த மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டிய ஒரே ஆள் அவள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு புஷ்பம் தோட்டத்துக்கு வரவில்லை. அடுத்த வாரம் போய்ப் பேசலாம் என்று வேதநாயகி நினைத்தாள். அடுத்த வாரம் காய்ச்சல் அடித்தது, உண்மையாகவே அடித்தது, ஆனால் போகாததற்குக் காரணம் கிடைத்ததில் ஒரு நிம்மதி இருந்ததையும் மறுக்க முடியாது. அதற்கடுத்த வாரம் தீபாவளி. பிறகு நாள் தள்ளிப்போகப் போக, போவதற்கு ஒரு பெரிய காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் செல்லத்துரை இறந்துபோன செய்தியாக வந்தது. போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில், ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, கேட்டோரமாக நின்றாள். புஷ்பம் பார்த்துவிட்டு எழுந்து வந்து "வாங்க" என்றாள். அக்கா என்று சேர்க்கவில்லை. வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்தது வேறு. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். வீட்டுக்குள் பிணம் கிடக்கிறது, இவள் சாப்பிட்டியா என்று கேட்கிறாள். புஷ்பம் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது பிளாட்பாரத்தில் போய் நின்றாலும் அதைத்தான் கேட்பாள், வேறென்ன வரும் இந்த வாயில். மதிவதனி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வரிசையில் கிரிஜா நின்றாள், போன மாதம்தான் பாத்தி வாங்கிய பெண், முள்ளங்கியைக் கழுவிச் சுத்தமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முள்ளங்கியைக் கழுவினால் ஈரம் எடையில் சேரும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. முள்ளங்கி என்று எழுதியபோது ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தில் ரயில் ஊதியது. நீளமாக, ஒருமுறை. எந்த ரயிலோ. சரக்கு வண்டியாக இருக்கும், இந்தப் பக்கம் சரக்கு வண்டிதான் அதிகம். கை மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டது. வேதநாயகி தலையைத் தூக்கிப் பார்த்தாள், வெயில் நேர் மேலே வந்திருந்தது, கொட்டகையின் நிழல் சுருங்கி மேசைக் காலடியில் கிடந்தது. இவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. ஒன்றையும் ஏழையும் காட்டி அவளேதான் தன்னைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை, எத்தனையோ முறை அந்தப் பெயர்வரை விரல் போய்த் திரும்பியிருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள், பின்னால் ரயிலின் தடதடப்பு. "சொல்லுங்கக்கா." அக்கா என்றாள். வேதநாயகிக்குக் கண் கரித்தது. "கிளம்பிட்டியா புஷ்பம்?" "கிளம்பியாச்சு. இப்பத்தான் ஊர் தாண்டுது." "நான் வரணும்னுதான் இருந்தேன். எடை…" என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லே வாயில் சுட்டது, நிறுத்தினாள். "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. எல்லார் முன்னாடியும் பையைத் திறன்னு சொன்னேன். எப்படிச் சொன்னேன்னுகூட எனக்கு…" புஷ்பம் குறுக்கே வந்தாள். "நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இல்லக்கா. அது கிடக்கட்டும். அதுக்கப்புறமும் கீரையை எடை போட்டீங்கள்லா, அதுதான்." தடதடப்பு கூடிக் குறைந்தது, ஏதோ பாலத்தைக் கடந்திருக்கும். "வீட்டுல அவியளுக்கு வாயெல்லாம் புண்ணு. மருந்து குடிச்சுக் குடிச்சு. அந்தக் கீரைதான் கொஞ்சம் இறங்கும்." வேதநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் சுட்டது. கையை எடுக்கவில்லை. "இன்னொண்ணும் சொல்லுதேன், கோவத்துல சொல்லல" என்றாள் புஷ்பம். "தோட்டத்துல இன்னைக்கு என்ன பூத்துது, என்ன காய்ச்சுதுன்னு அவிய தினம் கேப்பாவ. படுத்த இடத்துலேருந்து அவியளுக்கு அது ஒண்ணுதான் வெளி உலகம். அங்க வரதை நிறுத்தினேன்னு எப்படிச் சொல்ல? சொன்னா ஏன்னு கேப்பாவ. அதனால தினமும் புறப்பட்டுப் போற மாதிரிப் போயி, சர்ச்சுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, குழாயடி சகதியில காலை மிதிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன். பாகல் பூத்துட்டு, அவரை கொடி வீசிட்டுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். கடைசி நாள் வரைக்கும் பொய்யாத்தான் சொன்னேன் அந்த மனுசன்கிட்ட."

"மன்னிச்சிரு" என்று ஒரு சொல் வெளியே வந்தது, யாரோ சொன்னது மாதிரி. "மறந்துட்டேன்னு சொன்னா அதுவும் பொய்யாப் போயிரும்" என்றாள் புஷ்பம். குரலில் வெப்பம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. அன்னைக்கு அங்க நின்னவங்க என்னைக் கள்ளின்னுதானே நினைச்சிருப்பாவ. அவங்ககிட்ட யாரு சொல்லுவா?" பிறகு பக்கத்தில் இருந்த மகளிடம் ஏதோ சொன்னாள், தண்ணீர் கேட்டிருப்பாள். "சரிக்கா, உடம்பைப் பாத்துக்கிடுங்க. தனியா இருக்கீங்க" என்றாள். அந்தக் கடைசி இரண்டு சொல்லைச் சொல்லாமல் வைத்திருக்கலாம். லைன் அறுந்துவிட்டதா, அவளே வைத்துவிட்டாளா தெரியவில்லை. வேதநாயகி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். குழாயடி சகதி. காலில் மண் வேண்டும் என்பதற்காக. இவள் மாடிப்போர்ஷனில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வாரம் போகலாம் அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிய ஒவ்வொரு வாரமும் அங்கே ஒருத்தி சகதியில் கால் மிதித்திருக்கிறாள். ஒரே ஒருநாள் போய்க் கதவைத் தட்டியிருந்தால் போதும், வா புஷ்பம் என்று கூப்பிட்டிருந்தால் போதும், படுத்துக் கிடந்த அந்த மனிதருக்கு உண்மையான பூ ஒன்றாவது கிடைத்திருக்கும். அவர் முகத்தை இவள் உயிரோடு பார்த்ததே இல்லை. பார்த்தது சவப்பெட்டிக்குள்தான்.

திரும்பி வந்தபோது மேசையைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தார்கள். அன்றைக்கு நின்றவர்களில் இன்று இருந்தது அர்த்தநாரியும், போனை ஒருவழியாக முடித்துவிட்டு வந்திருந்த மதிவதனியும்தான். மற்றவர்கள் விட்டுப் போய்விட்டார்கள், அல்லது இந்த வாரம் வரவில்லை. இரண்டு பேருக்காகச் சொல்வதா, எல்லோரும் இருக்கிற ஒருநாள் பார்த்துச் சொல்லலாமே என்று மனம் உடனே இன்னொரு சனிக்கிழமையைத் தேடிக்கொண்டு ஓடியது. அந்த ஓட்டம் அவளுக்குப் பழக்கமானது. உட்காராமல் நின்றாள். "ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். குரல் கிடங்குக் குரலாக வந்துவிட்டது, தணித்துக்கொண்டாள். "மரியபுஷ்பத்தைப் பத்தி. அன்னைக்கு அவங்க எதையும் திருடிக்கிட்டுப் போகல. படுக்கையில கிடந்த வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கீரை. அவ்வளவுதான். அதை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. இங்க எல்லார் முன்னாடியும் அவங்களை அவமானப்படுத்தினேன். தப்பு என்னோடது." கூடைகளோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்றார் அர்த்தநாரி, கூச்சத்தோடு, தலையைச் சொறிந்துகொண்டு. "யாரும் ஒண்ணும் தப்பா நினைக்கல." அவர் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. மதிவதனி, யாரையும் பார்க்காமல், "நானும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். வாயைத் திறக்கல" என்றாள்.

இதைச் சொன்னால் பாரம் ஏதாவது இறங்கும் என்று வேதநாயகி எதிர்பார்த்திருந்தாளா, எதிர்பார்த்திருந்தாள்தான், எதுவும் இறங்கவில்லை, ரயில் தெற்கே போய்க்கொண்டேதான் இருந்தது. ஒரு மைனா வரப்பில் இறங்கிப் புழுவைத் தேடியது. கிரிஜா முள்ளங்கிக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் அவங்களைப் பார்த்ததில்லையே. யாரு அவங்க?" என்று கேட்டாள். என் சிநேகிதி என்று சொல்ல வேதநாயகிக்கு வாய் வந்தது. அதைச் சொல்லத் தனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"இங்க வந்துக்கிட்டு இருந்தவங்க" என்றாள். "நான்தான் வராம பண்ணிட்டேன்."